சனிக்கோளைப் பார்க்கப் பிள்ளைகளை அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற 23.01.2026 வெள்ளிக்கிழமை மாலை 6.30 முதல் 8.30 வரை நம் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்துக் கோள்களைக் காட்டவிருக்கிறோம். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

அன்று மேற்கே பிறைநிலவுக்கு அருகில் சனிக்கோள் தெரியும். அதைப் பிள்ளைகள் பார்க்கலாமா, தோஷம் ஏதும் வருமா என்று தாய்மார்கள் சிலர் வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறீர்கள். வெளிப்படையாகக் கேட்டது நல்லதாயிற்று. தாராளமாகப் பார்க்கலாம். கோயிலில் எள் தீபம் ஏற்றுவது உங்கள் நம்பிக்கை. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் வானத்தில் தெரிவது, பூமியைவிட ஒன்பது மடங்கு விட்டமுள்ள வாயுக்கோளம். அதிலிருந்து நம்மை வந்து சேர்வது அதன்மேல் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சம்தான். அதைக் கண்டு எந்தப் பிள்ளையும் அஞ்ச வேண்டியதில்லை.

பாடநூல் படத்தில் உள்ள அகன்ற வளையம் இப்போது தெரியாது. 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நேராக நம் பக்கம் திரும்பியது. இன்னமும் அது கோளின் இருபுறமும் நீட்டிய மெல்லிய கோடாகவே இருக்கிறது. இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் குறுக்களவு கொண்ட வளையம், தடிமனில் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.

கிழக்கே வியாழனும், 1610-இல் கலிலியோ கண்ட அதன் நான்கு நிலவுகளும். வந்ததும் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை அவற்றின் இருப்பிடத்தைப் பிள்ளைகள் வரைய வேண்டும். எனவே குறிப்பேடும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள்.

சூரியனைச் சுற்றிவரும் சிறு பாறைகளான குறுங்கோள்களைப் பற்றி அறிவியல் ஆசிரியர் பேசுவார். ஆலங்காயத்தை அடுத்த காவலூர், நம் மாவட்டத்து ஊர். அங்குள்ள வானாய்வகத்தில் 17.02.1988 அன்று வானியலாளர் ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது, எண் 4130. வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரத்தில் படமெடுத்து, விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறிய புள்ளி எது என்று தேடுவதுதான் முறை. பொறுமையும் கூர்ந்த பார்வையும் உள்ள எந்தப் பிள்ளைக்கும் கைவரக்கூடிய வேலை அது. 1861-இலேயே சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டு, அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டிருக்கிறார். இவ்வளவும் நம் மண்ணில் நடந்தவை என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரவு நேரம் என்று பெண்பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியைகள் உடனிருப்பார்கள். கடைசிப் பிள்ளையை அழைத்துச் செல்ல ஆள் வரும்வரை நான் வாயிலில் இருப்பேன். நீங்களும் வந்து பார்க்கலாம்; பாட்டி தாத்தாவையும் அழைத்து வாருங்கள். பனி இறங்கும் என்பதால் ஸ்வெட்டர் அவசியம். மைதானத்தில் செல்போன் விளக்கை யாரும் போட வேண்டாம். இருட்டுக்குக் கண் பழகியிருப்பது கெட்டுவிடும்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு 21-ஆம் தேதிக்குள் கொடுத்தனுப்புங்கள். மேகமூட்டமாக இருந்தால் 30-ஆம் தேதி, அதே நேரம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்