எல்லாம் "கொள்ளை" தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் "கொள்ளை" என்று மூன்று தலைப்புகள். பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்குள் ஒருவருடைய பர்ஸ் போனதும் கொள்ளை. தெஹிவளையில் ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்ததும் கொள்ளை. கொட்டாஞ்சேனையில் கத்தியைக் காட்டி நகை பறித்ததும் கொள்ளை.

புதுக்கடையில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவன் நான். அங்கே இப்படிப் பெயர்த்திருந்தால் சட்டத்தரணி உடனே எழுந்து நின்றிருப்பார். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் களவு வேறு, கொள்ளை வேறு, வீடுடைத்தல் வேறு. தண்டனையும் வேறு. ஒரு வழக்கில் சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா, "பின்னால வந்து அறுத்துக்கொண்டு ஓடிட்டான் ஐயா" என்று கழுத்தில் இருந்த கீறலைத் தொட்டுக் காட்டினார். களவா கொள்ளையா என்பதைத் தீர்மானிக்கிற பலவந்தம் பாவிக்கப்பட்டதா இல்லையா என்று இரண்டு தரப்பும் அந்த "அறுத்து" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது பொழுதுபோக்காகப் பழைய ஏதென்ஸ் நகரச் சட்டங்களைப் பற்றி வாசிக்கிறேன். அந்த ஆட்கள் கள்ளனுக்கு அவன் தொழிலை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். பணப்பையை அறுப்பவன் பலந்தியோதொமோஸ். குளிக்கப் போனவருடைய மேலங்கியைக் கிளப்புகிறவன் லோபொதுதேஸ். சுவரைத் தோண்டி உள்ளே போகிறவன் தொய்கோருகோஸ். வீட்டுச் சுவர்கள் வெயிலில் காய்ந்த மண்கல் என்பதால் கதவை உடைப்பதைவிட அது சுலபம். இவர்களைப் பொதுவாகச் சேர்த்துச் சொல்ல ககூர்கோஸ், அதாவது தீமை செய்பவன். கையும் களவுமாக அகப்பட்டால் "பதினொருவர்" என்ற அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போகலாம். ஒப்புக்கொண்டவனுக்கு வழக்கே இல்லை, நேரே மரண தண்டனை. மறுத்தால்தான் நீதிமன்றம்.

இப்படிப்பட்ட பெயர்கள் நம்மிடம் மட்டும் இல்லையா? சுவரில் துளையிடக் கன்னக்கோல் இருந்தது. மத்தேயு 6:19இல் திருடர் "தோண்டி" வருவதாகத்தான் கிரேக்க மூலம் சொல்கிறது. நம்முடைய பழைய வேதாகமம் அதை அழகாகக் "கன்னமிட்டு" என்று எழுதியிருக்கிறது. மடி முடிச்சில் கை வைத்தவன் முடிச்சவிழ்க்கி, முடிச்சுமாறி. இப்போது அவை வெறும் ஏச்சாகிவிட்டன.

அதே வேதாகமம் வேறொரு இடத்தில் சறுக்குகிறது. கிரேக்கத்தில் ஒளித்து எடுப்பவன் கிளெப்தேஸ், அடித்துப் பறிப்பவன் லேஸ்தேஸ். யோவான் 10:1இல் "கள்ளனும் கொள்ளைக்காரனும்" என்று சரியாகப் பிரித்துவிட்டு, 18:40இல், இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கப்பட்ட பரபாஸ் என்ற லேஸ்தேஸைக் "கள்ளன்" என்று விட்டுவிட்டார்கள். அவன் கலகத்துக்கும் கொலைக்கும் சிறைப்பட்டவன் என்கிறார் லூக்கா. அந்தக் காலத்து யூத வரலாற்றை எழுதிய ஜொசீபஸ், ரோமருக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்களையும் லேஸ்தேஸ் என்றே எழுதினார். (ஆள்பவர்கள் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். இதைக் கொழும்பில் இருந்துகொண்டு விளக்க வேண்டுமா?)

சரி, பரபாஸை விடுங்கள். பொலிஸார் தரும் தகவலில் என்ன குற்றச்சாட்டு என்று பெரும்பாலும் இருக்கும். தலைப்புப் போடுகிறவர் அதை ஒருதரம் பார்த்தால் போதும். பர்ஸ் அடித்தவனைப் பிக்பொக்கட் என்றே போடுங்கள், வாசகருக்கு நன்றாக விளங்கும். கொள்ளை என்ற சொல்லைக் கொட்டாஞ்சேனைக் கத்திக்காரனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இளைப்பாறிய நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.