மெட்டராஸி முட்டு வாங்கியவர் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்துக்கொண்டு வந்தேன். 2006 பெர்லின் ஆட்டத்துக்கு வந்ததும் மனசு சங்கடப்பட்டுவிட்டது. பிரான்ஸ் அணித் தலைவர் ஜிடான் தலையால் முட்டும் அந்தப் பழைய படம். அதன் கீழே 'ஜிடானிடம் முட்டு வாங்கிய இத்தாலி வீரர் மெட்டராஸி' என்று ஒரே ஒரு வரி. பாரிஸிலோ லண்டனிலோ அச்சாகும் பத்திரிகை இப்படி எழுதியிருந்தால் பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். தமிழ்ப் பத்திரிகை இப்படி எழுதலாமா? மார்கோ மெட்டராஸி மூன்று சீசன் நம்ம சென்னை அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

முதலில் அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 7-வது நிமிடத்தில் பிரான்ஸ் வீரர் மலூதாவை மெட்டராஸி தடுத்ததற்குத்தான் பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்தது, ஜிடான் அடித்தார். 19-வது நிமிடத்தில் பிர்லோ கொடுத்த கார்னரில் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டி அதைச் சமன் செய்தவரும் மெட்டராஸிதான். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், 110-வது நிமிடத்தில் ஜிடான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு, பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலிக்காக இரண்டாவதாக வந்து நெஞ்சில் பதற்றமே இல்லாதவர் மாதிரி பந்தை வலைக்குள் அனுப்பியதும் அவரே. இத்தனைக்கும் அந்த உலகக் கோப்பையில் அவர் முதல் பதினொரு பேரில் ஒருவராகப் போகவில்லை. செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவுக்கு அடிபட்டது. மாற்றாக இறங்கிய மெட்டராஸி அதே ஆட்டத்தில் கோல் போட்டார். அப்புறம் ஆஸ்திரேலியாவோடு சிவப்பு அட்டை வாங்கி, காலிறுதியை வெளியே இருந்து பார்த்து, அரையிறுதிக்குத் திரும்பி வந்தார். ஒரே மாதத்தில் ஒரு மனிதன் இத்தனை பார்த்தால் போதாதா?

அவர் ஜிடானிடம் பேசியது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஜிடானின் சகோதரியைப் பற்றிக் கேவலமாகப் பேசியதை அவரே ஒப்புக்கொண்டார். ஃபிஃபா அவருக்கு இரண்டு ஆட்டம் தடை விதித்தது. தப்புக்குத் தண்டனை கிடைத்தது, சரி. ஆனால் அவர் பேசாததையும் பேசியதாகச் சில பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. இனவெறியோடும் மதத்தை இழுத்தும் பேசினார் என்றார்கள். அவர் வழக்குப் போட்டார். அந்தப் பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தன. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்த மன்னிப்பைப் படித்திருப்பார்கள்? அந்தத் தலைமுட்டலைப் பெரிய வெண்கலச் சிலையாகவே வடித்துப் பாரிஸில் பாம்பிடு மையத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். ஒரு மனிதனின் வாழ்க்கையிலிருந்து ஒரு நொடியை மட்டும் பிய்த்தெடுத்துச் சிலையாக வைத்தால் மீதி வாழ்க்கை என்ன ஆவது?

அந்த மீதி வாழ்க்கை எளிதாக வந்தது இல்லை. 1973-ல் லெச்சே ஊரில் பிறந்தவர். அப்பா ஜியூசெப்பேயும் கால்பந்து வீரராக இருந்து பயிற்சியாளரானவர். லாசியோ, பாரி போன்ற அணிகளை நடத்தியவர். மார்கோ அம்மாவைப் பதின்வயதிலேயே இழந்தார். அப்பா பெயரை வைத்துப் பெரிய கிளப்பில் நேராக நுழைந்துவிடவில்லை. சிசிலித் தீவில் மார்சாலா, திராபானி என்று கீழ்ப் பிரிவு அணிகளில் ஆடித்தான் பெருஜியாவுக்கு வந்தார். நடுவில் ஒரு சீசன் இங்கிலாந்தில் எவர்ட்டனுக்கு ஆடப் போய், சிவப்பு அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். 2000-01 சீசனில் பெருஜியாவுக்காக 12 கோல். தடுப்பாட்டக்காரர் ஒருவர் இத்தாலி முதல் பிரிவில் ஒரே சீசனில் போட்ட அதிகபட்ச கோல் என்ற டேனியல் பசரெல்லாவின் சாதனையை முறியடித்தார். பெனால்டிகளும் சேர்ந்த கணக்குதான் அது. ஆனாலும் பின்வரிசை ஆளுக்கு 12 கோல் சாதாரண விஷயமா?

பிறகு பத்து வருடம் இன்டர் மிலான். ஐந்து லீக் பட்டங்கள், 2010-ல் சாம்பியன்ஸ் லீக். மாட்ரிட்டில் அந்த இறுதி ஆட்டம் முடிந்த இரவு, மைதானத்துக்கு வெளியே இன்டர் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ காரிலிருந்து இறங்கி வந்து மெட்டராஸியைக் கட்டிக்கொண்டு அழுத காட்சியைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். அணியை விட்டுப் போகும் பயிற்சியாளரும், கடைசி நிமிடத்தில் மாற்று ஆளாக மட்டும் இறங்கிய வயதான வீரரும் சுவரோரம் நின்று குழந்தைகள் மாதிரி அழுகிறார்கள். பின்னாளில் இவர் எப்படிப்பட்ட பயிற்சியாளராக இருந்தார் என்பதற்கு எனக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும். திட்டப் பலகையில் கோடு போட்டு ஜெயிப்பவர் இல்லை. வீரர்களோடு ஒருவராக நின்று ஜெயிப்பவர்.

2011-ல் இன்டரை விட்டு விலகினார். 2014-ல் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி தொடங்கியபோது, 41 வயதில், சென்னையின் எஃப்சி அணிக்கு வீரரும் பயிற்சியாளருமாக வந்து சேர்ந்தார். நேரு ஸ்டேடியத்தில் அவரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. டிவியில் பார்த்த ஆள், எதிரே நின்று கையை வீசி வீசிக் கத்திக்கொண்டிருக்கிறார்! அந்த சீசனின் பின்பாதியில் நெஸ்டாவையும் அழைத்து வந்தார். யாருக்கு அடிபட்டதால் உலகக் கோப்பையில் இவருக்கு இடம் கிடைத்ததோ, அதே நெஸ்டா. 2006 பிரான்ஸ் அணியில் இருந்த மிக்கேல் சில்வெஸ்டரும் இவருக்குக் கீழே சென்னைக்காக ஆடினார். பெர்லினில் எதிரெதிர் முகாமில் இருந்தவர்கள் சென்னையில் ஒரே நீலச் சட்டையில்.

முதல் வருடம் லீக் சுற்றில் 23 புள்ளிகளோடு முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் மூன்று கோல் போட்டுவிட்டது. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். மெட்டராஸி அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். பயிற்சியாளரே வெளியே! பத்துப் பேராக நின்ற நம் அணி விடவில்லை. சில்வெஸ்டர் ஒன்று, கேரளாவின் சேம் சைடு கோல் ஒன்று, 90-வது நிமிடத்தில் ஜேஜே ஒன்று. மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கூடுதல் நேரம் முடிய மூன்றே நிமிடம் இருக்கும்போது கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலில் எல்லாம் போயிற்று. அன்று அவர் மீது எனக்குக் கோபம்தான். தலைவன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு மைதானத்தில் நின்றிருந்தால் இறுதிப் போட்டிக்குப் போயிருப்போம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அவர் ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று பயிற்சி மட்டும். 2015-ஐ நினைத்தாலே எனக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். பத்து ஆட்டம் முடிந்தபோது நம் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து தொடர்ந்து நான்கு ஆட்டங்களை ஜெயித்து மூன்றாவது இடத்தைப் பிடித்தார்கள். அதற்குள் டிசம்பர் வெள்ளம் வந்துவிட்டது. சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கட்டில், டிவி, பையனின் புத்தகம் எல்லாம் போயிற்று. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் ஆட்டம் சொந்த ஊரில் இல்லை. அங்கே நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 20, கோவாவில் கோவா அணியோடு இறுதிப் போட்டி. மாடி வீட்டுக்காரர் வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தோம். சுவரில் அப்போதும் ஈரம் காயவில்லை. நம் புரூனோ முதல் கோல் போட்டார். கோவா உடனே திருப்பியது. அப்புறம் நமக்குக் கிடைத்த பெனால்டியை மெண்டோசா அடிக்க, கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்துவிட்டார். 87-வது நிமிடத்தில் கோவா 2-1. சிலர் எழுந்து போய்விட்டார்கள். 90-வது நிமிடத்தில் அதே கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து வலைக்குள் போனது. இரண்டு நிமிடம் கழித்து, அந்த சீசனில் 13 கோல் போட்ட அதே மெண்டோசா. 3-2. வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவில் முதன்முதலாகச் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார் என்பதும் எங்களுக்குப் பெருமை.

2016 நன்றாக அமையவில்லை. 15 புள்ளிகளோடு எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2017 தொடக்கத்தில் மெட்டராஸி விடைபெற்றார். அவரோடு 2006 கோப்பையை வென்ற பிர்லோ, கட்டூசோ, கன்னவாரோ, நெஸ்டா எல்லோரும் பிற்பாடு வெவ்வேறு நாடுகளில் பல அணிகளுக்குப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். மெட்டராஸியின் பயிற்சியாளர் வாழ்க்கை என்று சொன்னால் அது சென்னைதான். ஒரே ஊர், மூன்று சீசன், ஒரு கோப்பை. அவரைப் பெரிய வியூக நிபுணர் என்று சொல்ல மாட்டேன். அடியில் கிடந்த அணியை, சொந்த மைதானமும் இல்லாத நேரத்தில், நம்பிக்கை விடாமல் கூட்டிப் போனார். அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

ஆசிரியர் அவர்களே, அந்தப் படத்தைப் போட வேண்டாம் என்று கேட்கவில்லை. நடந்தது நடந்ததுதான். அடுத்த முறை அதைப் போடும்போது கீழே உள்ள வரியில், 'சென்னையின் எஃப்சி-க்கு 2015-ல் ஐஎஸ்எல் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். இடம் போதாது என்றால் முட்டு வாங்கியதை எடுத்துவிடலாம். அது படத்திலேயே தெரிகிறது.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை