ஓடையை மனையாக்க வேண்டாம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் மனைப்பிரிவு வரைபடமும் நேற்றுக் கிடைத்தன. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வரைபடத்தைப் பார்த்தபின்தான் மனம் உறுத்தியது.

குன்றடியில் தொடங்கி ஏரிக்கரை வரை நேர்கோடாக இரண்டு சாலைகள், இருபுறமும் முப்பதுக்கு நாற்பது அடி மனைகள். தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆறு ஏக்கர் நிலமும் கிழக்கே சரிந்து கிடப்பதை, சிறுவயதில் மிதிக்காமலேயே சைக்கிளில் ஏரிக்கரை வரை உருண்டுபோன நாம் இருவரும் அறிவோம். சரிவுக்கு நேராகப் போடும் சாலை மழைக்காலத்தில் வாய்க்காலாகிவிடும்; கிராவலை அரித்துக்கொண்டுபோய் ஏரியில் சேர்க்கும். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் உங்கள் நிலத்தில் மட்டும் ஏறத்தாழ 24 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. இன்று வரப்பும் மண்ணும் அதில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கின்றன. கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் பெரும்பகுதி கீழ்க்கோடி மனைகளுக்குத்தான் போகும்.

இதைவிடக் கவலை தருவது 27, 28ஆம் மனைகள். பனைமர வரிசைக்குக் கீழே ஐப்பசி, கார்த்திகையில் ஓடும் ஓடையைத் தூர்த்துத்தான் அவற்றை அமைக்க முடியும். பட்டா நிலத்துக்குள் இருப்பதால் ஓடை புலப்படத்தில் (நில அளவைத் துறையின் வரைபடத்தில்) இல்லை என்று சர்வேயர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். தண்ணீர் புலப்படத்தைப் பார்த்து வருவதில்லையே. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, முடிச்சூரில் என் மகள் வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்தபின் ஊர்ப் பெரியவர் ஒருவர் தெருமுனையைக் காட்டி, பழைய கால்வாய் அங்கேதான் ஓடியது என்றார். மனை விற்றவர் தந்த வரைபடத்தில் அதன் சுவடே இல்லை.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைத்தே ஆக வேண்டும். வரைபடம் போட்ட உங்கள் ஆள் அதை விலைபோகாத மூலையில் தள்ளியிருக்கிறார். எப்படியும் கொடுக்கப்போகிற நிலத்தை ஓடையின் இரு கரையிலும் பட்டையாகக் கொடுங்கள். அகலமும் சாலைத் தொடர்பும் மட்டும் விதிக்குப் பொருந்த வேண்டும். அதற்கு முன் நிலமட்டம் எடுத்து, ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகளை அரை மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையச் சொல்லுங்கள். முக்கியச் சாலை அந்தக் கோடுகளை ஒட்டி, தண்ணீர் வடியும் அளவுக்கு லேசான சரிவில் குறுக்காகப் போய், ஓடையை ஒரே இடத்தில் சிறுபாலத்தால் கடக்கட்டும். சில மனைகள் கோணலாகும், நாலைந்து குறையவும் கூடும். அந்த நட்டத்தை ஏற்பதே நல்லது என்பது என் கருத்து. பொக்லைனை விட்டு நிலம் முழுவதையும் ஒரேயடியாகச் சுரண்ட விடாதீர்கள். வடிகால் வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும்.

வரும் ஞாயிறு காலை நிலமட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியுடன் வருகிறேன். சர்வேயரையும் பனைமரத்தடிக்கு வரச் சொல்லுங்கள். அதுவரை வரைபடத்தை ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்