ஜெலுத்தோங் மிஸ்ஸியின் பிள்ளைகள் எழுதும் நன்றி மடல்

எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் கருமகிரியை நல்லபடியாக முடிந்தது. பத்து லஞ்சாங் மின்சுடலை வரை வந்தவர்கள், வர முடியாமல் போனில் அழுதவர்கள், தேவாரம் ஓதியவர்கள், பந்தல் போட்ட தம்பிமார்கள் எல்லாருக்கும் எங்கள் கும்பிடு.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவர் அம்மா. 1985இல் பினாங்குப் பாலம் திறப்பதற்கு முன்பே ஃபெரி ஏறி பினாங்கு வந்து தாதியர் பயிற்சி முடித்தார். ஓய்வு பெறும்வரை பொது மருத்துவமனையில்தான் வேலை. அக்கம்பக்கத்தில் அவர் பெயரே பலருக்குத் தெரியாது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருக்கும் அவர் 'மிஸ்ஸி'தான், அதாவது நர்ஸம்மா. 2004 டிசம்பர் 26, சுனாமியில் பினாங்கில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. யாரும் கூப்பிடவில்லை. யூனிபார்மை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டாரில் ஏறி வேலைக்குப் போய்விட்டார்.

அப்பா வாதம் வந்து படுத்தபோது நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தால் அம்மா உடனே தூங்கமாட்டார். அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விரித்திருக்கும் துணியை இருபக்கமும் சுருட்டிப் பிடித்து எப்படி இழுப்பது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். குதிகால், இடுப்பு, தோள்பட்டை எங்காவது சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். அப்பா போகும்வரை ஒரு படுக்கைப்புண் வரவில்லை. அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அம்மா வேலைக்குப் போன இரவுகளில் எங்களோடு சேர்ந்து அப்பாவைப் புரட்டியவர் எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி. அவருக்குத் தமிழ் படிக்க வராது. நேரில் போய்ச் சொல்கிறோம்.

அப்புறம் அம்மாவுக்கே புற்றுநோய். பிறருக்குச் செய்தே பழகியவருக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றவர்களுக்கும் நன்றிதான். ஆனால் உண்மையைச் சொன்னால், என்ன வேண்டும் என்று யோசிக்கவே அப்போது தெம்பு இருக்காது. கேட்காமலே மோய் (அரிசிக் கஞ்சி) காய்ச்சி வாசலில் வைத்துப் போனவர்கள், லிப்ட் ஓடாத இரவில் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கிய மேல்மாடிப் பையன்கள், மருந்து எடுக்க எங்களுக்காக வரிசையில் நின்ற மாமா, உங்களால்தான் நாங்கள் நிமிர்ந்து நின்றோம். பப்பாளி இலைச்சாறு குடிக்கச் சொன்ன அத்தைமார்களுக்கும் நன்றி. அம்மா "சரி, சரி" என்று தலையாட்டினாரே தவிர ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை!

வீட்டுக்கே வந்து பார்த்த மிஸ்ஸிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மார்ஃபின் மருந்தை, அம்மா தானே நேரம் போட்டுப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பார். கை நடுங்கி எழுத்து கோணியபோதும் நீங்கள் நோட்டை வாங்கி எழுதவில்லை. ஒரு சீனியருக்குக் காட்டும் மரியாதையோடு, "அக்கா, ரிப்போர்ட் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அன்றைக்கெல்லாம் அம்மா முகத்தில் நோயாளியின் களையே இருக்காது.

சோறு கொண்டுவந்தவர்களின் டிபன் கேரியர்கள் சில எங்களிடமே தங்கிவிட்டன. மூடியில் பெயர் இல்லை, வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலும் காற்று மெத்தையும் நல்ல நிலையில் இருக்கின்றன. யார் வீட்டிலாவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், பையன்களை விட்டு இறக்கித் தருகிறோம்.