சுழல் குழாயின் கணக்கில் கம்ப்ரசரையும் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமுக்கக் காற்றில் இயங்கும் சுழல் குழாயைக் கொண்டு வீட்டுக் கணினியைக் குளிர்விக்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தக் குழாயில் அசையும் பாகம் எதுவும் இல்லை, குளிரூட்டும் வாயு தேவையில்லை, உள்ளங்கைக்குள் அடங்கும் குழாயின் ஒரு முனையில் உறைநிலைக்கும் கீழான காற்று வருகிறது என்று கட்டுரையாளர் எழுதியவை யாவும் உண்மையே. ஆனால் அந்தக் குழாய்க்குள் காற்றை அனுப்பும் கம்ப்ரசரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதிலும் அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பது இல்லை. தொழிற்சாலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் கம்ப்ரசர்களோடும் காற்றுக் குழாய்களோடும் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கருவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் ராங்க் 1930களின் தொடக்கத்தில் இந்த விளைவைக் கண்டறிந்தார். ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் ஹில்ஷ் அதை முறையாக அளந்து மேம்படுத்தி 1947இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இருவர் பெயராலும் ராங்க்–ஹில்ஷ் குழாய் என்றே இன்றும் அழைக்கிறார்கள். அமுக்கக் காற்று குழாயின் வட்டச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நுழைந்து, கடுமையாகச் சுழன்றபடி நீண்ட முனையை நோக்கிச் செல்கிறது. அங்கே கூம்பு வடிவ வால்வு ஒன்று, சுவரோரமாகச் சுழலும் சூடான காற்றை மட்டும் வெளியே விடுகிறது. மீதிக் காற்று நடுப்பகுதி வழியாக, சுழற்சி குறையாமல், வந்த திசைக்கு எதிராகத் திரும்புகிறது. திரும்பும் வழியில் தன் ஆற்றலில் ஒரு பகுதியை வெளிச்சுற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுமுனையில் குளிர்ந்து வெளியேறுகிறது. இந்த ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்பதன் நுணுக்கங்களில் ஆய்வாளர்களிடையே இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு. அதே காற்றைச் சாதாரண வால்வு ஒன்றின் வழியாக 7 பார் அழுத்தத்திலிருந்து (1 பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்; 7 பார் என்பது அதற்கு மேலான கணக்கு) வெளியே விட்டால் அது இரண்டு டிகிரிகூடக் குளிராது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு வெறும் குழாய் செய்யும் இந்த வேலை வியப்புக்குரியதுதான்.

ஆனால் இரண்டு முனைகளிலிருந்து வரும் காற்றையும் மீண்டும் கலந்து பாருங்கள். ஏறக்குறைய நுழைந்தபோது இருந்த வெப்பநிலையே வந்து நிற்கும். குழாய் செய்வது பிரித்துக் கொடுக்கும் வேலை. அந்த வேலைக்கான கூலியைக் கம்ப்ரசர் ஏற்கெனவே கட்டிவிட்டது.

அந்தக் கூலி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நடுத்தர வகைக் குழாய் ஒன்று 7 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 280 லிட்டர் காற்றை உண்கிறது. அதில் 60 விழுக்காட்டைக் குளிர்முனை வழியாக விடும்படி வால்வைத் திருப்பி வைத்தால், அந்தக் காற்று நுழைந்ததைவிட ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸ் குளிர்ந்து வரும். காற்றின் எடையையும் அதன் வெப்பக் கொள்ளளவையும் வைத்துப் பெருக்கினால், கிடைக்கும் குளிர்ச்சி 160 வாட்டை ஒட்டி நிற்கிறது. கணினியின் மையச் செயலி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது வெளியிடும் வெப்பம் 65 வாட்டிலிருந்து 250 வாட் வரை இருப்பதால், இது பொருத்தமான அளவாகவே தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 280 லிட்டர் காற்றை 7 பாருக்கு அமுக்க இரண்டரைக் குதிரைத்திறன் வேண்டும். மின்சாரமாகச் சொன்னால் சுமார் 2 கிலோவாட். அதாவது ஒரு வாட் வெப்பத்தை அகற்றப் பன்னிரண்டு வாட் மின்சாரத்தைச் செலவிடுகிறோம். சாதாரண ஏசி இயந்திரம் ஒரு வாட் மின்சாரத்தில் மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் 120 மில்லிமீட்டர் விசிறியோ இரண்டு மூன்று வாட்டில் ஓடுகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கணினியைப் பயன்படுத்துபவர் இந்தக் குழாய்க்காக மட்டும் 16 யூனிட் மின்சாரம் செலவிட வேண்டியிருக்கும். கம்ப்ரசரும் அதே அறையில் இருக்குமானால், அந்த 2 கிலோவாட்டும் இறுதியில் அறைக்குள்தான் வெப்பமாக இறங்கும். செயலியைக் குளிர்விக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இதை ஏட்டுக் கணக்காக மட்டும் நான் சொல்லவில்லை. என் தங்கை மகன் ஒருமுறை இப்படிப்பட்ட குழாய் ஒன்றை வாங்கி, 24 லிட்டர் டேங்க் கொண்ட சிறிய கம்ப்ரசரோடு இணைத்து, குளிர்முனையை நேராகச் செயலியின் ஹீட் சிங்க் (செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுத் தொகுதி) மீது திருப்பி வைத்திருந்தான். “மாமா, ஒருமுறை வந்து பாருங்கள்” என்று அவன் அழைத்தபோது எனக்கும் ஆவலாகத்தான் இருந்தது. வால்வைத் திறந்த சில நொடிகளில் பித்தளை முனையில் வெண்மையாகப் பனி படர்ந்தது. திரையில் செயலியின் வெப்பநிலை மளமளவென்று இறங்கியது. அவன் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் கெடுக்க விரும்பவில்லை. என் கண் மட்டும் அழுத்தமானியின் மீதே இருந்தது. 8 பாரில் நின்ற முள் கால் நிமிடத்துக்குள் ஆறுக்கு வந்தது, மோட்டார் ஓடத் தொடங்கியது, ஆனாலும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கம்ப்ரசர் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்குச் சற்று மேல்தான் தரும். குழாயோ இருநூறுக்கு மேல் கேட்டது. கடைசியில் 3 பாருக்குப் பக்கத்தில் இரண்டும் சமமாகி நின்றன. அந்த அழுத்தத்தில் குளிரும் பாதிக்குப் பாதி போய்விட்டது. தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்படாத அந்த மோட்டார் அரை மணி நேரத்துக்குள் சூடேறித் தானே நின்றுவிட்டது. அதன்பின் அவன் பழைய விசிறியைப் பொருத்தித்தான் கணினியை மீண்டும் இயக்கினான்.

அதைவிட முக்கியமான சேதம் பிறகுதான் தெரிந்தது. மதர்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, செயலி உட்காரும் சாக்கெட்டின் பின்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. நினைவக அட்டை செருகும் இடத்தில் ஒரு துளி வடிந்து இறங்கியிருந்தது. மின்னணுப் பொருளுக்கு அருகில் சுழல் குழாயைக் கொண்டுபோகும் எவரும் முதலில் அஞ்ச வேண்டியது இந்த நீரைத்தான். கட்டுரை இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை என்பதே என் முதன்மையான வருத்தம்.

நீர் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, அமுக்கக் காற்றுக்குள்ளிருந்தே வருவது. 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கிறது. அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கிப் பழைய வெப்பநிலைக்கு ஆறவிட்டால், அதற்குள் நான்கு கிராமுக்கு மேல் நீராவி நிற்க முடியாது. மீதி பதினேழு கிராமும் தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 280 லிட்டர் என்ற கணக்கில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட 300 மில்லிலிட்டர் நீர் சேரும். டேங்கின் அடியிலுள்ள வடிகால் குமிழை அன்றாடம் திறந்துவிடுபவர்களுக்கு அந்தத் துருக் கலந்த பழுப்பு நீர் நன்றாகத் தெரியும். டேங்கில் தங்காதது காற்றோடு குழாய்க்கே போகிறது. டேங்கில் நீர் முழுவதும் வடிந்தாலும், மிஞ்சிய நான்கு கிராம் நீராவி, காற்று விரியும்போது உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே பனியாகத் தொடங்கிவிடும். குளிர்முனையோ மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறது. ஆகவே டிரையர் (காற்றை உலர்த்தும் கருவி) இல்லாமல் ஓட்டினால் குழாய்க்குள்ளேயே பனிக்கட்டி கட்டி வழி அடைபடும், அல்லது பொடிப்பனியாகப் பறந்து போர்டின் மீது விழுந்து உருகும். எண்ணெய் ஊற்றும் வகைக் கம்ப்ரசராக இருந்தால் எண்ணெய் ஆவியும் கூடவே வரும். தொழிற்சாலையில் குழாய்க்கு முன்னால் டிரையர், நீர் பிரிப்பான், 5 மைக்ரான் ஃபில்டர், அதற்கும் மேல் எண்ணெய் ஃபில்டர் என்று வரிசையாக வைப்பது அழகுக்காக அல்ல.

இரண்டாவது வழி இன்னும் ஏமாற்றக்கூடியது. உள்ளே வரும் காற்றை எவ்வளவுதான் உலர்த்தினாலும், அறைக் காற்றின் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே அறையில் பனிநிலை ஏறத்தாழ 24 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான். ஹீட் சிங்க் 10 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று திரையில் பார்த்து மகிழும் நேரத்தில், அதன் அடித்தட்டும் சாக்கெட்டின் ஊசிகளும் வியர்த்துக்கொண்டிருக்கும். இதைத் தடுக்கச் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றுப் புகாத நுரைத் தகடு ஒட்ட வேண்டும், அல்லது கேபினெட் முழுவதையும் அடைத்து உலர்ந்த காற்றால் நிரப்ப வேண்டும். வீட்டு மேசையில் அதைச் செய்து முடிப்பவர் மிக அரிது.

ஓசையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மஃப்ளர் இல்லாத குழாய் 80 டெசிபலைத் தாண்டிச் சீறும், கம்ப்ரசரின் தடதடப்பு தனி. சூடான முனையில் வரும் காற்று 100 டிகிரியைத் தொடக்கூடும் என்பதால் அதை மின்கம்பிகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அருகில் விடக்கூடாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வீட்டில் கையில் கிடைக்கிறது என்பதற்காகத் தண்ணீர்க் குழாய்க்கான பிவிசி பைப்பை அமுக்கக் காற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். உடைந்தால் அது விரிசல் விட்டு நிற்காது. சில்லு சில்லாகத் தெறிக்கும்.

அப்படியானால் சுழல் குழாய் பயனற்றதா என்று கேட்டால், அதன் இடம் வேறு என்பேன். லேத் போன்ற இயந்திரங்களில் வெட்டும் கருவியின் முனையைக் குளிர்விக்கவும், தூசும் வெப்பமும் மிகுந்த சிமெண்ட், உருக்கு ஆலைகளில் மூடிய மின் பலகைகளைக் காக்கவும், உலையருகே நிற்கும் தொழிலாளிக்குக் குளிர்ந்த காற்று பாயும் மேலங்கியைத் தரவும் அதற்கு ஈடான எளிய கருவி குறைவு. அங்கே உலர்த்தி வடிகட்டிய காற்று ஏற்கெனவே சுவரோரம் ஓடுகிறது. பலகைக்குள் காற்றழுத்தம் சற்று உயர்ந்து நிற்பதால் தூசி நுழையாது. தெர்மோஸ்டாட் வைத்த வால்வு தேவைப்படும்போது மட்டும் திறக்கும். அத்தகைய தொழிற்கூடத்தில், இரும்புத்தூள் பறக்கும் மூலையில் ஒரு கணினியை அடைத்த பெட்டிக்குள் வைத்தாக வேண்டும் என்றால், நானே சுழல் குழாயைத்தான் பரிந்துரைப்பேன். அப்போதும் பெட்டிக்குள் இருக்கும் காற்றை மிதமாகக் குளிர்விக்கச் சொல்வேனே தவிர, செயலியின் மீது நேராகப் பாய்ச்சச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக் கணினி சூடாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் எளிது. ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே பஞ்சுபோல் தூசி அடைத்திருக்கும், செயலிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கேபினெட் சுவரோடு ஒட்டி நின்று மூச்சு விட வழியில்லாமல் இருக்கும். இன்றைய செயலிகள் 95 முதல் 100 டிகிரிக்குள் தாமாகவே வேகத்தைக் குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. ஆகவே 70 டிகிரியில் ஓடும் செயலியை 10 டிகிரிக்கு இறக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

புதுமையான கருவிகளை இளைஞர்களுக்கு அறிமுகம் செய்யும் தங்கள் முயற்சியைக் குறை சொல்வது என் நோக்கமன்று; சுழல் குழாயை எத்தனையோ பேருக்கு நானே பெருமையோடு பிரித்துக் காட்டியிருக்கிறேன். கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே கம்ப்ரசர் வாங்கப் புறப்படும் வாசகர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காக, கம்ப்ரசர் எடுக்கும் மின்சாரத்தின் அளவையும் டிரையரின் தேவையையும் பனிநிலை பற்றிய எச்சரிக்கையையும் ஒரு சிறு திருத்தமாக அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறுப்பாளர்,
தங்கள் நெடுநாள் வாசகர்