சாக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

நாம் எல்லாரும் சேர்ந்து குப்பை பொறுக்கிச் சுத்தம் செய்த கடற்கரையும் அதற்குப் போகும் சாலையும் இப்போது எப்படி இருக்கின்றன என்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். அதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனால் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியாது. அப்போது எடுத்த படங்களில் இருப்பவர்கள் குனிந்து குப்பை பொறுக்கியவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மடல் முக்கியமாகப் படத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு.

பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அதனால் யார் பெயரும் இல்லை. படித்தால் யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, குப்பையைப் போடச் சாக்குப் பிடித்தவர்களுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் சும்மா நிற்கிற வேலை மாதிரி இருக்கும். கடற்காற்றில் ஒரு பழைய சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், தெரியும். காற்று ஒரு பக்கம் இழுக்கும், ஈரக் குப்பையின் கனம் இன்னொரு பக்கம் இழுக்கும், நாற்றம் நேராக முகத்துக்கு வரும். குனிய முடியாது, முழங்கால் ஒத்துழைக்காது என்று சொல்லிக்கொண்டே வந்த மாடிவீட்டுப் பாட்டி, கடைசிவரை ஒரு சாக்கை விடவில்லை. "உதறிட்டுப் போடுங்க, மண்ணைத் தூக்கிட்டுப் போகவா வந்தோம்?" என்று எங்களை அதட்டிக்கொண்டே இருந்தார். நியாயமான அதட்டல். கயிற்றிலும் செருப்பிலும் ஒட்டியிருக்கும் ஈர மணலை உதறாமல் போட்டால் பாதிச் சாக்கு நிரம்புவதற்குள் யாராலும் தூக்க முடியாது. அது போக, மணல் கரைக்குச் சொந்தமானது. பாட்டியின் சாக்குகள் மட்டும்தான் ஓர் ஆள் தூக்குகிற கனத்தில் இருந்தன.

சாலையில் வேலை செய்த நாட்களில் வண்டிகள் வரும் திசையைப் பார்த்து, கையில் சிவப்புத் துணியோடு நின்ற எதிர்வீட்டு அண்ணனுக்கு அடுத்த நன்றி. அவர் ஒரு காகிதத்தைக்கூடப் பொறுக்கவில்லை. பொறுக்க வேண்டாம் என்று நாங்கள்தான் சொன்னோம். சாலையோரத்தில் குனிந்திருப்பவருக்கு முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. குழந்தைகளைச் சாலைப் பக்கம் விடாமல் கரையிலேயே நிறுத்தியதும் அவர்தான். அதற்காகச் சில பிள்ளைகள் அவர்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும்.

"கடற்கரையைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டுவிட்டு ஏன் சாலையில் நிற்க வைத்தீர்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். மழைநீர் வடிகாலைத் திறந்து காட்டிய பிறகு கேட்கவில்லை. சாலையில் விழும் தின்பண்ட உறை காற்றில் உருண்டு வடிகாலுக்குப் போகிறது. அடுத்த மழையில் கால்வாய்க்கு, அங்கிருந்து கடலுக்கு. கரையில் நாம் எடுத்ததில் கடல் கொண்டுவந்தது எவ்வளவு, நம் தெருவே அனுப்பியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என் கணக்கில், வடிகால் வாயில் எடுத்த ஒரு சாக்கு கரையில் எடுத்த பல சாக்குகளுக்குச் சமம். அங்கே குப்பை ஒரே இடத்தில் கிடக்கிறது. கரைக்குப் போய்விட்டால் மணலுக்குள் தேட வேண்டும்.

இனி, கையில் நோட்டோடு நடந்த அந்தப் பெண்ணுக்கு. எல்லாரும் ஓடி ஓடிப் பொறுக்கும்போது, "நில்லுங்க, இது மூடியா உறையா?" என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சிலருக்கு எரிச்சல் வந்தது எனக்குத் தெரியும். குப்பையை எடுக்க வந்தோமா, கணக்கெழுத வந்தோமா என்று ஒருவர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. உலகம் முழுக்க இன்று நடக்கும் கடற்கரைத் துப்புரவுகள் பலவற்றுக்கும் முன்னோடி, 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் தொடங்கி வைத்ததுதான். 2,800 பேர் கூடி 124 டன் குப்பை எடுத்தார்கள். ஆனால் அந்த இருவரும் அள்ளச் சொன்னதோடு விடவில்லை. கிடைத்த ஒவ்வொரு பொருளையும் வகை வகையாகக் குறித்து வைக்கச் சொன்னார்கள். பிற்பாடு அதுவே ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவாக வளர்ந்தது. அந்தப் பட்டியல்களால்தான் பல ஆண்டுகளாக உலகக் கரைகளில் சிகரெட் துண்டே முதலிடத்தில் இருந்தது என்பதும், 2019-ல் முதன்முறையாகத் தின்பண்ட உறைகள் அதை முந்தின என்பதும் நமக்குத் தெரிகிறது. சாக்கைக் கட்டி அனுப்பிவிட்டால் உள்ளே இருந்தது என்ன என்று யாருக்கும் நினைவிருக்காது. நோட்டில் இருந்தால் நாளைக்கு யாரிடமும் போய்ப் பேசலாம். நம் நோட்டில் பாட்டில் மூடிகள்தான் முன்னால் நிற்கின்றன. பாட்டில்களைப் பழைய சாமான்காரர்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள், மூடியைச் சீண்ட ஆளில்லை. காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், தங்கையே.

சிகரெட் துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. அதைப் பஞ்சு என்று நினைத்து மண்ணில் காலால் தள்ளி மூடப் பார்த்தவர்களை, முனை வீட்டு அத்தை பிடித்துக்கொண்டார். "பஞ்சு இல்லப்பா, அதுவும் பிளாஸ்டிக்தான்." சரிதான். அந்த வடிகட்டி செல்லுலோஸ் அசிட்டேட் என்ற செயற்கை இழை. மண்ணில் புதைத்தால் மக்கிவிடாது. ஊறிய நஞ்சைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அத்தை ஒரு சின்ன மூடிபோட்ட டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேறு எதையும் தொடாமல், அதை மட்டுமே பொறுக்கினார். பெரிய பெரிய வலைச் சுருளை இழுத்து வருகிறவர்களுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் அத்தைக்குக் கிடைக்கவில்லை. இதோ, இப்போது தட்டுகிறேன்.

அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்து சல்லடை போட்ட இருவருக்கும் அதே நன்றி. அலை கடைசியாக ஏறி நின்று திரும்பிய கோட்டில் காய்ந்த மணலை அள்ளி, சலித்து, மேலே நிற்பதைத் தட்டில் கொட்டினார்கள். பார்ப்பதற்குச் சிப்பித் தூள் மாதிரி இருக்கும். விரலால் தள்ளிப் பார்த்தால் நீலம், வெள்ளை, வெளிர்பச்சை என்று ஒவ்வொன்றும் பிளாஸ்டிக். வெயில் படப் பட பிளாஸ்டிக் முறுகி நொறுங்கும். மக்கி மறையாது, துண்டுதான் சிறிதாகும். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அதற்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர், கையால் பொறுக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்து மூழ்கியபோது பயறளவு பிளாஸ்டிக் குருணைகள் டன் கணக்கில் கரையேறின. அங்கேயும் தன்னார்வலர்கள் சல்லடையோடுதான் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து மதியம்வரை சலித்தால் ஒரு சின்ன டப்பா நிறையும். அதைத் தூக்கிக் காட்டினால் "இவ்வளவுதானா?" என்பார்கள். அப்படிக் கேட்டும் எழுந்து போகாமல் சலித்தார்களே, அதற்குத்தான் இந்த நன்றி.

கடல் தொழிலில் இருந்து ஓய்ந்த பெரியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐயா, நீங்கள் வரவில்லையென்றால் நம் பிள்ளைகள் சுத்தம் செய்கிற வேகத்தில் கரையையே வழித்துவிட்டிருப்பார்கள். ஒதுங்கிக் கிடந்த கடற்பாசியைக் குவியலாக அள்ள ஆரம்பித்தவர்களை, "அது குப்பை இல்ல தம்பி, நண்டுக்கும் குருவிக்கும் சோறு" என்று நிறுத்தினீர்கள். அடம்பன்கொடிக்குள் சிக்கிய உறைகளைக் கொடியோடு பிடுங்காமல், ஒரு கையால் தண்டை அழுத்திக்கொண்டு மறு கையால் உருவி எடுக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். அந்தக் கொடி மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது. அதைப் பிடுங்கினால் அடுத்த காற்றில் மேடே நகர்ந்துவிடும். "அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பழமொழி சொல்வோமே தவிர, கொடியைத் தொட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மணலுக்குள் பாதி புதைந்திருந்த அந்த மீன்வலையையும் அப்படியே. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம், அசையவில்லை. இழுக்க இழுக்க இறுகும் என்று சொல்லி, கடல் உள்வாங்கும் நேரம்வரை காத்திருக்க வைத்து, சுற்றிலும் மணலைத் தோண்டி, கத்தியால் துண்டு துண்டாக அறுத்து எடுக்க வைத்தீர்கள். கைவிடப்பட்ட வலை சும்மா கிடப்பதில்லை, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். எடுத்த துண்டுகளுக்குள் காய்ந்த நண்டு ஓடுகள் இருந்ததை அருகில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

கையுறை, நீளக் கைப்பிடி இடுக்கி, உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் தனியாகத் தடித்த பெட்டி, முதலுதவிப் பை, தண்ணீர் என்று இவற்றையெல்லாம் ஏற்பாடு செய்தவர்களுக்கும், வண்டி கொடுத்தவருக்கும், வீட்டில் இருந்து கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி. ஒருவர் கையையும் ஊசி குத்தவில்லை என்றால் அதற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

அப்புறம் தூய்மைப் பணியாளர்கள். கட்டி வைத்த சாக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள். கலந்து கட்டிய சாக்குகளைத் திருப்பித் தராமல், ஓரமாக நின்று எங்களோடு பிரித்துக் கொடுத்தவர்கள். எது பழைய சாமானுக்குப் போகும், எது எங்கேயும் போகாது என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. பளபளக்கும் தின்பண்ட உறையைக் கையில் எடுத்து, பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டிக் கிடப்பதால் இதை வாங்க யாரும் வர மாட்டார்கள் என்று ஓர் அக்கா விளக்கினார். நாம் விடுமுறை நாளில் சில மணி நேரம் செய்தோம். வழியில் போனவர்கள் நின்று பாராட்டினார்கள். அந்த அக்கா இதைத் தினமும் செய்கிறார். அவரை நிறுத்திப் பாராட்டிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த மடலின் ஒரு பிரதியை அவர்களிடம் நேரில் கொடுக்கப் போகிறேன். உடன் வர விரும்புகிறவர்கள் வாருங்கள். பிரித்த குப்பையோடு வந்தால் இன்னும் நல்லது.

"இன்னைக்கு அள்ளுவீங்க, நாளைக்கு மறுபடி போடுவாங்க" என்று வாசலில் நின்று சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது நடந்தது. மறுநாள் காலையிலேயே போட்டார்கள். ஆனால் நேற்று அள்ளியது திரும்பி வரவில்லையே, வந்தது புதுக் குப்பை. பழையது கிடந்திருந்தால் அதுவும் நொறுங்கிச் சல்லடைக்குப் போயிருக்கும். மும்பையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா, பக்கத்து வீட்டு 84 வயது ஹர்பன்ஷ் மாத்தூரோடு வெர்சோவா கரையில் இறங்கியபோதும் இரண்டே பேர்தான். வாரம் தவறாமல் போனார்கள், ஆட்கள் சேர்ந்தார்கள், மறுவருடம் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் விருது ஷாவுக்கு வந்தது. விருதை விடுங்கள். அந்த வயதில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டதும் கிளம்பினாரே, எனக்குப் பிடித்தது அதுதான். நம் பக்கம் அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவர், போன மாதம்வரை தெருமுனையில் குப்பைப் பை வீசிக்கொண்டிருந்தவர். யாரென்று சொல்ல மாட்டேன். நல்ல உழைப்பாளி.

சில செய்திகள் பாக்கி. கழுவிக் காயவைத்த கையுறைகளில் இடது கை மட்டும் நிறைய மிஞ்சியிருக்கிறது. வலது கையை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். மணலில் கிடைத்த ஒரு சாவிக்கொத்தும் மூக்குக் கண்ணாடியும் என்னிடம் இருக்கின்றன. குப்பையில் சேர்க்க மனம் வரவில்லை, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துச் சொல்கிறேன். இந்த முறை வடிகாலில் தொடங்குவோம். சாக்குப் பிடிக்க ஆள் வேண்டும்; பாட்டி முதல் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரர்களில் ஒருவர்