மெய்யப்பனுக்கு

அன்புள்ள மெய்யப்பா,

இங்கு எல்லாரும் நலம். முட்டிவலி வழக்கம்போல. உன் வீட்டு ஆச்சி கேட்ட மணகோலத்தைக் கோவை வரும் பையனிடம் கொடுத்துவிட்டேன். வழியில் அவன் தின்னாமல் இருந்தால் வந்து சேரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பேரன் சொக்கு போராளியாகிவிட்டான்.

நம் ஊருணியில் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுவந்து குப்பை கொட்டுகிறார்கள். மனுமேல் மனு கொடுத்தும் ஆபீசில் ஒரு அசைவும் இல்லை. அதனால் பையன்கள் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து அந்த ஆபீசின் இணையதளத்தை விடாமல் திறந்து திறந்தே முடக்கிவிடுவதாம். அதற்கென்று இவன் ஒரு புரோகிராம் வேறு எழுதியிருக்கிறான். "வாசலில் உட்கார்ந்தால் மறியல், சர்வரில் உட்கார்ந்தால் மட்டும் குற்றமா ஐயா?" என்கிறான்.

ஆதாரமும் கையில் வைத்திருக்கிறான். 2001-இல் ஜெர்மனியில், ஆட்களை நாடு கடத்த விமானம் தந்ததற்காக லுஃப்தான்சாவின் தளத்தை இப்படித்தான் நெருக்கினார்களாம். ஏற்பாடு செய்தவரைக் கீழ்க்கோர்ட் தண்டித்தது, மேல்கோர்ட் 2006-இல் விடுவித்தது. இங்கே ஐ.டி. சட்டம் 66-ஆம் பிரிவில் 3 வருஷம் வரை உள்ளே போடலாம்டா என்றேன். "உப்புக் காய்ச்சினவங்க ஜெயிலுக்குப் பயந்தாங்களா?" 1942-இல் தேவகோட்டைக் கோர்ட்டைக் கொளுத்தியதையும் இழுத்தான். நாம் திண்ணையில் உட்கார்ந்து பெருமையடித்த கதைதானே, இப்போது நம் தலையிலேயே விடிகிறது. அது சத்தியாகிரகத்தில் சேராதுடா என்றால் சிரிக்கிறான்.

ஜெயிலுக்கு அவன் அம்மாதான் பயப்படுகிறாள், கேஸ் விழுந்தால் பாஸ்போர்ட் போச்சு என்று. எனக்கு உறுத்துவது வேறு. காந்தி தண்டிக்குக் கிளம்புமுன் வைஸ்ராய் இர்வினுக்கே எழுதி, சட்டத்தை மீறப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தார். இந்தப் பயல்களில் ஒருத்தனும் சொந்தப் பேரில் இல்லை. அதைக்கூட விடு. 2017-இல் மெரினாவுக்கு அத்தனை பேரைத் திரட்டியதும் இதே வாட்ஸப், பேஸ்புக்தான்; ஆனால் அந்த நெரிசலிலும் ஆம்புலன்ஸ் வந்தால் விலகி வழிவிட்டார்கள். தளத்தை அடைத்துவிட்டால் யாருக்கென்று வழிவிடுவது? அன்றைக்கென்று புருஷனின் இறப்புச் சான்றிதழுக்காகக் காத்துக் கிடப்பவள் இவன்கள் கண்ணில் படுவாளா? பெரிய அதிகாரிக்கு என்ன நஷ்டம், டீ குடிக்கப் போய்விடுவார்.

ஊருணியைத் தினம் படமெடுத்து, மனு நம்பரோடு சொந்தப் பேரில் போடுங்கடா; லாரி வந்தால் குறுக்கே உட்கார்ந்து நேரலையில் காட்டுங்கள், நானும் நாற்காலி போட்டு உட்காருகிறேன் என்றேன். "முட்டிவலியோடயா?" என்று கேட்கிறான். திமிரில் அப்படியே நீதான். 2018-இல் தூத்துக்குடியில் செய்த மாதிரி நெட்டையே நிறுத்திவிட்டால் உன் புரோகிராம் என்ன செய்யும் என்றதற்குத்தான் கொஞ்சம் வாயடைத்தான்.

நான் சொன்னால் கிழவன் புலம்பல். நீ வக்கீல், உன்மேல் அவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது (பசை வாளிக் கதையை இன்னும் நான் சொல்லவில்லை). அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் அவனுக்கு நாலு வரி எழுது. தபாலில் வேண்டாம், வாட்ஸப்பில் அனுப்பு; அதைத்தான் படிக்கிறான்.

உன்,
லெட்சுமணன்